காதால் படித்தவர்

பல்லிடுக்கில் நாலைந்து குட்டி ஆணிகளைக் கடித்துக்கொண்டே "அடப் பாவி மனுசா!" என்று திட்டுவது எல்லாராலும் ஆகிற காரியமல்ல. குஷன்காரர் திட்டுவார். ஓர் ஆணிகூடக் கீழே விழாது. ஒரு காதில் போன் ஒயர் செருகியிருக்கும், மறுகாது வாடிக்கையாளருக்கு. நாற்காலிச் சட்டத்தில் ரெக்சினை இழுத்துப் பிடித்து, நாக்கால் ஓர் ஆணியை உதட்டுக்குத் தள்ளி, விரலால் எடுத்து வைத்து, சுத்தியலால் ஒரே போடு. அதற்குள் காதுக்குள் ஏதோ ஒரு படை ஆற்றைக் கடந்திருக்கும். "அந்தக் கரையிலயே நின்னு தொலைச்சிருக்கலாம்ல?" என்பார். ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை மாற்ற வந்து நிற்கிறவர், தம்மைத்தான் சொல்கிறாரோ என்று இரண்டடி பின்னால் போவார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் தீர்ந்தது. பதினோரு வயதில் இன்னொருவர் கடையில் பஞ்சு உதறப் போனார். இன்று சொந்தக் கட்டடம், மூன்று தையல் இயந்திரம், அவர் கையால்தான் தைக்க வேண்டும் என்று நாள்கணக்கில் காத்திருக்கிற பேருந்து முதலாளிகள். கையை ஊன்றிக் கரணம் போட்டு மேலே வந்தவன் கொஞ்சம் பெருமை பேசத்தான் செய்வான். பேசாமல் இருந்தால்தான் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அச்செழுத்தை அவர் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். ஒரு பக்கம் முடிய அரைமணி ஆகும். அதனால் அஞ்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கும் மகள், தன்னுடைய பழைய போனில் ஒலிப்புத்தகங்களை ஏற்றிக் கொடுத்தாள். மூன்று வருடத்தில் நாற்பது புத்தகம் ஆயிற்று. முக்கால்வாசி சரித்திரம். "கண்ணால படிக்கறவன் ஒரு பக்கத்தைப் புரட்டறதுக்குள்ள நான் ஒரு ராஜ்ஜியத்தையே புரட்டிப் போட்டுருவேன்" என்பார். வீட்டில் அவர் மனைவிக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது. "எப்பவோ செத்த ராஜாவுக்காக இப்ப வடிச்ச சோறு ஆறிப்போகுது" என்பதோடு அந்தம்மாளின் விமரிசனம் முடிந்துவிடும்.

கேட்டதைச் சொல்ல ஆள் வேண்டுமே. அதற்கு மருந்துக்கடை மாடி இருந்தது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூடுவார்கள். படித்ததைப் பற்றித் தமக்குத் தோன்றியதைச் சொல்வார்கள். மருந்துக்கடைக்காரர்தான் நடத்துகிறவர். முன்வரிசையும் முதல் பேச்சும் குஷன்காரருக்கு என்பது எழுதாத சட்டம். "அண்ணன் பார்வையே தனி. நாமெல்லாம் ஆரம்பத்துலருந்து போறோம், அண்ணன் முடிவுலருந்து வர்றாரு!" என்று மருந்துக்கடைக்காரர் வியப்பார். குஷன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். "கெட்டிக்கார எழுத்தாளன் எவனும் நேரா சொல்லமாட்டான் தம்பி. முடிவை முன்னாடி ஆணியடிச்சு மாட்டிட்டுத்தான் மிச்சத்தை இழுத்துத் தைப்பான். இது படிச்சவனுக்குப் புரியாது. தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் புரியும்."

ஒரு மாதம் அவர் பேசிய புத்தகம் ஒரு கோட்டை முற்றுகையைப் பற்றியது. பன்னிரண்டு அத்தியாயம். எதிரிப் படை வந்து கோட்டையைச் சுற்றி வளைக்கிறது. உள்ளே இருந்த தளபதி கதவைத் திறந்துவிடுகிறான். தோல்வியோடு எங்கோ ஒரு தீவில் தனியாகச் செத்தும் போகிறான். அதன்பின் ஊர் பட்டினியில் கிடக்கிறது. கிணறு வற்றுகிறது, சனங்கள் செருப்புத் தோலை வேகவைத்துத் தின்கிறார்கள். குஷன்காரருக்கு ரத்தம் கொதித்தது. பதினைந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நின்று அந்தத் தளபதியைக் கிழித்துத் தோரணம் கட்டினார். "ஒரு நாள் பொறுக்கலைய்யா அவன்! முத வாரமே கதவைத் திறந்துட்டான். அவன் திறந்த கதவு வழியாத்தான் பசி உள்ள வந்துச்சு. இவனைப் பெத்த வயித்துல பிரண்டையை வச்சுக் கட்டணும்!" கைதட்டல்.

கடைசி வரிசையில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து அம்மா எழுந்தார். ஒன்றரை ஆள் உயர இயந்திரங்கள் போர்வைகளைப் புரட்டுகிற நேரத்தில், நின்றபடியே நூலகப் புத்தகங்களைப் படிக்கிறவர். அதிகம் பேசமாட்டார். கையில் அதே கோட்டைப் புத்தகம், நடுவில் அடையாளத்துக்கு ஒரு நூல்.

"அண்ணே, நான் படிச்சதுல பசி முதல்ல வருது. கதவு அப்புறம்தான் திறக்குது. சனங்க சாகறதைப் பார்க்க முடியாமத்தான் அவர் திறக்கறாரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நாற்பது புத்தகத்தில் ஒருவரும் அவரை மறித்ததில்லை. பிறகு குஷன்காரரின் வாய் தானாகத் திறந்தது.

"என்ன தங்கச்சி, போர்வையோட சேர்த்துப் புத்தகத்தையும் அலசிட்டியா? நடுவுல நாலு அத்தியாயம் சாயம் போயிருச்சு போல!"

மாடியே அதிர்ந்தது. மருந்துக்கடைக்காரருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது சிரித்து. அந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பக்கத்துக்காரர் "சாயம்!" என்று மறுபடி சொல்லி மறுபடி சிரித்தார். அந்தம்மா உட்கார்ந்துவிட்டார். பாதியில் எழுந்து போகவில்லை. கூட்டம் முடிகிறவரை இருந்து, டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படியிறங்கினார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. "உண்மையைச் சொன்னா உடம்பு எரியத்தான் செய்யும்" என்றார் குஷன்காரர்.

பிறகு ஒரு மத்தியானம் மகள் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்தாள். புதிய புத்தகம் ஏற்ற போனில் இடமில்லை. பழையதை அழிக்கலாம் என்று அவர் சாப்பிடுகிற நேரத்தில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதை எல்லாம் எப்படிக் கேட்பீங்க?"

"எப்படின்னா? முதல்ல இருக்கறதைத் தட்டுவேன். அதுபாட்டுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு போகும். நடுவுல ஒரு மணி அடிக்கும், அடுத்த அத்தியாயம்னு அர்த்தம்."

மகள் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள். எண்கள் அவருக்கு நன்றாகவே தெரியும். ஒன்று. அதன்கீழ் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அதன்கீழ் இரண்டு.

"இந்த போன் எண்ணை எண்ணாப் பார்க்கலப்பா. முதல் எழுத்தைத்தான் பார்க்குது. ஒண்ணுல தொடங்கறதை எல்லாம் ஒரே கூட்டமா முன்னாடி வச்சிருச்சு. ஒண்ணு, ரெண்டுக்கெல்லாம் முன்னாடி ஒரு சைபர் போட்டு ஏத்தியிருக்கணும், என் தப்பு. ஆனா, உங்களுக்குக் குழப்பமாவே இல்லியா? செத்த ஆளு மறுபடி வந்திருப்பானே?"

"வந்தான்" என்றார் குஷன்காரர். கை சோற்றிலேயே இருந்தது. "பழசை நினைச்சுப் பார்க்கறான்னு நினைச்சேன்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

அன்று சாயங்காலமே சைபர் போட்டுக் கொடுத்துவிட்டாள். குஷன்காரர் கடையின் பின்கட்டில் ஸ்பாஞ்சு அடுக்கின்மேல் உட்கார்ந்து, கையில் வேலை எதுவும் இல்லாமல், கோட்டையை மறுபடி கேட்டார். இப்போது பசி முதலில் வந்தது. கிணறு வற்றியது. தளபதி தன் குதிரையை அறுத்துத் தெருவுக்குப் பங்கிட்டான். ஒன்பதாம் அத்தியாயத்தில் தன் இரண்டாவது பெண்ணைப் புதைத்துவிட்டு வந்து, மதில்மேல் ஏறி, ஊரில் எத்தனை வீட்டில் புகை வருகிறது என்று பார்த்தான். ஒரு வீட்டிலும் வரவில்லை. மணி அடித்தது. பத்தாம் அத்தியாயத்தில் கதவு திறந்தது.

அவர் ஒயரைக் காதிலிருந்து பிடுங்கினார். மற்றவர்களுக்கு வெட்கம் முகத்தில் ஏறும். அவருக்குக் காதில் ஏறியது. இரண்டு காதும் தணலாய்க் காந்தின.

அதற்குப் பிறகுதான் வரிசையாக ஞாபகம் வந்தது. மகன் இறந்தபின் அப்பாவுக்கு முதல் கல்யாணம் ஆன அரச குடும்பம். அதை "துணிச்சலான உத்தி" என்று பாராட்டியிருக்கிறார். கட்டுவதற்கு முன்னால் இடிந்துபோன பாலம். அதற்கு ஒரு தத்துவமே சொல்லியிருக்கிறார், மருந்துக்கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். சுத்தியலை ஓங்கினால் ஒரு புத்தகம் நினைவுக்கு வந்தது. அடிக்கிற ஆணி எல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. இருபது வருடமாக அவரிடம் வேலை பார்க்கிற தையல்காரர், "முதலாளி, கண்ணுல ஏதும் கோளாறா?" என்று கேட்டார். "என் கண்ணுல என்னய்யா கோளாறு, உன் கண்ணுலதான்!" என்று எரிந்து விழுந்துவிட்டு, அந்த ஆணிகளைத் தானே பிடுங்கினார்.

மகள் வழி சொன்னாள். "போன் மேல பழியைப் போடுங்கப்பா. எல்லாரும் சிரிச்சிட்டு மறந்துருவாங்க."

போடலாம்தான். தளபதியைத் துரோகி என்றது போன் செய்த வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 'சாயம் போயிருச்சு' என்றது எந்த போன்? பஞ்சு உதறிய காலத்தில், சீட்டு அளக்கப் போன இடத்தில், ஒரு வீட்டுக்காரர் பேப்பரில் வந்த சண்டையைப் பற்றி என்னவோ பேச, இவர் ஒரு வார்த்தை குறுக்கே சொன்னார். "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம், நீ பஞ்சைப் பாரு" என்றார் அவர். ஐம்பது வருடமாக இந்தக் கதையை எத்தனை மேடையில் சொல்லியிருப்பார்! அந்த வீட்டுக்காரரை எத்தனை பேர் முன்னால் கேவலப்படுத்தியிருப்பார்! அதே வார்த்தையை, அதைவிட ருசியாகத் தாளித்து, தாமே ஒருத்தி தலையில் கொட்டியிருக்கிறார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போனார். சலவைக்கூடம் நீராவியும் மருந்து வாடையுமாக இருந்தது. அந்தம்மா ஈரப் போர்வைகளைத் தள்ளுவண்டியில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முழங்கையால் நெற்றியைத் துடைத்தார்.

"யாராவது சேர்ந்திருக்காங்களா அண்ணே, எந்த வார்டு?"

"அதெல்லாம் இல்ல தங்கச்சி. உன்னைப் பார்க்கத்தான்." இயந்திரச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பேச்சைக் கத்திச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னவருக்குத்தான் தெரியும். "அந்தக் கோட்டைக் கதையில நீ சொன்னதுதான் சரி. நான் மாத்திக் கேட்டுட்டேன். அன்னிக்கு வாய் தவறிப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே."

அந்தம்மா ஒரு போர்வையை உதறி, வண்டியில் போட்டார். இன்னொன்றை எடுத்தார்.

"அன்னிக்கு மாடியில எத்தனை பேரு இருந்தாங்கண்ணே?"

"பதினேழு பேரு."

"இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று வழி சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு, "வேலையைச் சொல்லிச் சிரிச்சதுதாண்ணே கஷ்டமா இருந்துச்சு. அதுவும் நீங்க" என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு மாடிப்படி குஷன்காரருக்கு மலையேற்றமாக இருந்தது. தலைவலி என்று திரும்பிவிடலாமா என்று படியிலேயே இரண்டு தடவை நின்றார். மேலே போனதும் கண் கடைசி வரிசைக்குத்தான் ஓடியது. வாசலையொட்டிய நாற்காலியில், பையைக்கூட மடியிலிருந்து இறக்காமல், எந்த நேரமும் எழுந்து போகத் தோதாக, அந்தம்மா உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் ஆரம்பிக்கட்டும்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

குஷன்காரர் எழுந்தார். போன் எண்களை எப்படி மாற்றி அடுக்கியது என்பதை விரல் மடக்கிச் சொன்னார். சொல்லச் சொல்ல மாடியில் சிரிப்பு கிளம்பியது. "அப்போ அந்தப் பாலம்?" என்று ஒருவர் கேட்டார். "ஒழுங்காக் கட்டி முடிச்ச பின்னாடிதான் இடிஞ்சிருக்கு" என்றார் இவர். "நான் நோட்டுல எழுதி வச்ச தத்துவம்ணே?" என்று மருந்துக்கடைக்காரர் அலறினார். "கிழிச்சிருங்க தம்பி." கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். அவர் காதிரண்டும் காந்த நின்றுகொண்டே இருந்தார். எல்லாரும் ஓய்ந்ததும் சொன்னார்:

"இதுவரைக்கும் போன் செஞ்சது. இனி நான் செஞ்சது. அந்தம்மா அன்னிக்குச் சரியாச் சொன்னாங்க. அவங்களைப் பேச விடாம, அவங்க செய்யற வேலையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வச்சேன். அந்த வேலையில ஒரு குறையும் இல்ல. குறை என் வாயில. எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் கேட்டுக்கறேன். மன்னிச்சிரும்மா."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று 'சாயம்' என்று இரண்டாம் தடவை சொன்னவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா தலை நிமிரவில்லை; பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சங்கடத்தைக் கலைக்க மருந்துக்கடைக்காரர்தான் கனைத்தார். "சரிண்ணே, நடந்தது நடந்துபோச்சு. இப்பதான் வரிசையாக் கேட்டுட்டீங்கள்ல? நீங்களே சொல்லுங்க, அந்தத் தளபதி கதவைத் திறந்தது சரியா தப்பா?"

குஷன்காரரிடம் அதற்குப் பதில் இருந்தது. இருபது நிமிடத்துக்குக் குறையாத பதில், நாக்கு நுனிவரை வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார். தம் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, அதன் முதுகு மருந்துக்கடைக்காரர் பக்கம் வரும்படி திருப்பிப் போட்டார். கடைசி வரிசையைப் பார்த்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.