இரண்டு படிப்பும் வேண்டும் என்றாள் என் மகள்

முருகன் அடியார்களே, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், அக்டோபரில், பதினொரு நாட்கள் என் மகள் யாழினி போனை எடுக்கவில்லை. "பிஸி" என்று மட்டும் மெசேஜ் வரும். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஃப்ரீமான்ட். அவள் யுனிவர்சிட்டியிலேயே தங்கிப் படிக்கிறாள், கம்ப்யூட்டர் சயன்ஸ் மேஜர். கூடவே ப்ரீ-மெட், அதாவது மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கத் தேவையான கெமிஸ்ட்ரி, பயாலஜி எல்லாம்.

ரூம்மேட்டைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தேர்வில் ஃபெயில். ப்ரோகிராமிங் ப்ராஜெக்டும் முடிக்கவில்லை. வகுப்புக்கே போவதில்லையாம்.

செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போனேன். எப்போதும் மார்க்குக்காகத்தான் வேண்டுவேன். அன்று அதைக் கேட்க வாய் வரவில்லை.

"முருகா, அவ டாக்டர் ஆக வேண்டாம். என்கிட்ட பேசினா போதும்."

அழுதுவிட்டு வெளியே வந்தேன். கார் கதவைத் திறக்கும்போது போன் அடித்தது.

"அம்மா, கேன் யூ கம்?"

அப்படியே காரை எடுத்தேன். லைப்ரரி படியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"ரெண்டையும் விட்டுடு கண்ணா, வீட்டுக்கு வா."

"நோ அம்மா. ஐ வான்ட் போத். ஃபெயில் ஆயிட்டேன்னு உன்கிட்ட சொல்லத்தான் பயம்."

எனக்குச் சுருக்கென்றது. ஏ கிரேடுக்குப் பதில் ஒரு பி வந்தால்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் நான்தானே.

மறுநாள் இருவரும் அவளுடைய அட்வைசரைப் பார்த்தோம். அந்த அம்மாள் சிரித்தார். நான்கே வருடத்தில் எல்லாம் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டார். கெமிஸ்ட்ரியை இப்போது விட்டுவிடலாம், சம்மரில் அதை மட்டும் எடுக்கலாம், மெடிக்கல் ஸ்கூலுக்கு ஒரு வருடம் தள்ளி விண்ணப்பிக்கலாம் என்றார். இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சம்மரில் பி ப்ளஸ் வாங்கினாள். நான் சர்க்கரைப் பொங்கல் செய்தேன்.

இப்போது கடைசி வருடம். எக்ஸ்ரே படங்களைப் படிக்கும் ப்ரோகிராம் எழுதுகிறாள். சனிக்கிழமைகளில் ஒரு கிளினிக்கில் உதவி செய்கிறாள். அடுத்த வருடம் விண்ணப்பிப்பாள். இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். என் மனது நிறைந்திருக்கிறது. அவளைக் கூப்பிட்டால் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறேன்.

பிள்ளையைப் பற்றிய கவலையோடு இதைப் படிக்கிறீர்களா? முருகன் முன்னால் போய் நில்லுங்கள். மனதில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குப் புரியும்.