கப்பல் மெல்லமாகப் போகிற நாள்

எருக்கலம்பிட்டியில் பேருந்துக்காக நிற்கிறேன். வீட்டு முன்னறையில் நடக்கிற சின்னக் கடையில் பிளேன்டீ கேட்டு நேரமாகிறது. அடுப்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது. கடைக்காரி ரிஸ்வானா போனை விட்டபாடில்லை. எனக்குக் கோபம் வருகிறது.

"குறை நினைக்காதீங்கோ, தங்கச்சி. இவருக்குக் கப்பலில எஞ்சின் வேலை. காலி, மாத்தறைக் கரைப் பக்கமாக் கப்பல் போகேக்கதான் சிக்னல் கிடைக்கும்."

"கப்பல் கெதியாக் கடந்து போயிடுமே, அக்கா?"

"ஓம், முந்தி அப்பிடித்தான். இப்ப எண்ணெய் மிச்சம் பிடிக்க, புகையைக் குறைக்கவெண்டு கொம்பனி மெல்லமா ஓடச் சொல்லியிருக்காம். அல்ஹம்துலில்லாஹ், சிக்னல் இன்னும் நிக்குது."

ரிஸ்வானாவின் மாமியார் பேசுகிறார். மூத்த மகள் பள்ளிக்கூடக் கதை முழுவதையும் சொல்கிறாள். வழக்கமாக இவர்கள் பேசி முடிவதோடு சிக்னல் அறுந்துவிடுமாம். இன்று போன் கடைக்குட்டியின் கைக்கும் வருகிறது. தகப்பன் கப்பலேறிய பிறகு பிறந்தவள். இன்னும் பேச்சு வரவில்லை. போனை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விடுகிறாள். யாரும் அதைப் பறிக்கவில்லை. எங்கோ ஒரு கொம்பனிக் கந்தோரில் மேசை முன்னால் உட்கார்ந்து கப்பலை மெதுவாக ஓட்டச் சொன்ன, முகம் தெரியாத அந்த மனிதருக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

பேருந்து வந்து ஹாரன் அடிக்கிறது. நான் வாயில் விரல் வைத்துக் குழந்தையைக் காட்டுகிறேன். ஓட்டுநருக்கு என்ன புரிந்ததோ, எஞ்சினை நிறுத்துகிறார்.

இரைச்சல் அடங்கியதும்தான் போனுக்குள்ளிருந்து வரும் குரல் எனக்குக் கேட்கிறது. குழந்தையின் ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"ஓம் மகள்... ஓம் மகள்..."