இரண்டு சிப்பாய் பிஸ்டல்

லீவ் முடிந்து அபுதாபி முசஃபா ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிய முதல் நாள். ஏசியைப் போடுவதற்குள் மேனேஜர் ரங்கராஜன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“முத்தையா, நீங்க இல்லாதப்ப ஒரு பெரிய வேலை முடிச்சிருக்கேன். உங்க கலெக்‌ஷன்ல அவ்வளவு மிஸ்மேட்ச் இருந்துச்சே, எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணிட்டேன்.”

கையை உருவிக்கொண்டு என் பெஞ்சுக்கு ஓடினேன். ஏன் என்று புரிய, எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, அபுதாபிக்காரர். ஃபர்னிச்சர் கம்பெனி, பேரீச்சம்பழ ஃபேக்டரி என்று பல தொழில்கள். அவருக்குப் பழைய ராணுவ பிஸ்டல் சேர்க்கும் பைத்தியம் உண்டு. முறையாக லைசென்ஸ் வாங்கிச் சேர்த்தவை. ராணுவத்தில் ஆர்மரராக ஆயுதங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற என்னை அதற்காகவே அழைத்து வந்தார். பிஸ்டலைப் பிரித்து, ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே இருக்கிறதா, பிற்பாடு யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வதுதான் என் டியூட்டி.

ஜெர்மன் ராணுவத்தின் பி-08 பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமில் முழு நம்பர் இருக்கும். சின்னச் சின்ன பார்ட்டுகளில் அதன் கடைசி இரண்டு இலக்கம். எல்லாம் ஒத்துப்போனால் ‘ஆல் மேட்சிங்’ என்று சொல்லிக் கலெக்டர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் போர்முனையில் ஒரு பார்ட் உடைந்தால், ஆர்மரர் இன்னொரு பிஸ்டலிலிருந்து கழற்றிப் போட்டு வேலையை முடித்திருப்பான். அதில் நம்பர் மாறித்தான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நம்பரை அரத்தால் ராவிவிட்டுப் புது நம்பர் அடிப்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

ரங்கராஜன் அதைத்தான் செய்திருந்தார்.

அவரைத் திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். திருடனாக இருந்திருந்தால் கொஞ்சமாவது தொழில் தெரிந்திருக்கும். இவர் துபாய் ஜெபல் அலியில் பம்பு ஃபேக்டரியில் குவாலிட்டி பார்த்தவர். அங்கே பம்பில் ஒரு நம்பரும் மோட்டாரில் ஒரு நம்பரும் இருந்தால் ஆடிட்டர் கழுத்தைப் பிடிப்பாராம். அதே கண்ணோடு எங்கள் அலமாரியைத் திறந்திருக்கிறார். அனுமதி இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. விதியை மீறுகிற ஆள் இல்லையே அவர்! நேம் பிளேட்டில் நம்பர் அடிக்கும் பஷீர் பாயை முறைப்படி பாஸ் போட்டு உள்ளே வரவழைத்து, ராவச் சொல்லி, அடிக்கச் சொல்லி, பாலிஷ் போட்டு, கறுப்பேற்றி, என் பெஞ்சில் வரிசையாக அடுக்கியிருந்தார். எல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தன.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். விளிம்புகள் தேய்ந்த சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தன. ட்ரிகரில் ஃபேக்டரிக்காரன் சூடேற்றிக் கொண்டுவந்திருந்த வைக்கோல் மஞ்சள் நிறம் போய், அதுவும் கறுப்பாகியிருந்தது. நம்பர்கள் மட்டும் அருமையாக ஒத்துப்போயின.

அர்பாபின் செல்லம்

வரிசையில் கடைசியாக இருந்தது அர்பாப் முதன்முதலில் வாங்கிய பி-08. ஃபிரேம் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் 76, மேலே மடங்கி எழும் பார்ட்டில் 41. எந்த விருந்தாளி வந்தாலும் அந்த இரண்டு நம்பர்களையும் விரலால் தொட்டுக் காட்டுவார். “இதுல ரெண்டு சிப்பாய் இருக்காங்க. யாரு பொழச்சான், யாரு செத்தான், அல்லாவுக்குத்தான் தெரியும்” என்பார். அவர் பேசுவது அரபி கலந்த இந்தி. நான் தமிழில் தருகிறேன். எத்தனை முறை சொன்னாலும் அந்த இடத்தில் அவர் குரல் இறங்கிவிடும்.

இப்போது மேலேயும் 76 இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

“என்ன முத்தையா, கண்ணு கலங்குது? டீம் ஒர்க்தான்!” என்றார் ரங்கராஜன்.

அவர் செய்தது என்ன என்று எடுத்துச் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிடம் வெளிறியது. பிறகு மேனேஜர் முகம் திரும்பி வந்தது.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த வாரம் லண்டன்ல இருந்து எக்ஸ்பர்ட் வர்றார். இதையெல்லாம் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போறாங்க. நீங்க ‘ஆல் ஒரிஜினல்’னு சர்ட்டிஃபிகேட்ல சைன் பண்ணிடுங்க. கலாஸ், விஷயம் முடிஞ்சுது.”

“பொய்க் கையெழுத்து போடச் சொல்றீங்களா சார்?”

“உங்க விசாவுல என்ன போட்டிருக்கு? ஃபர்னிச்சர் பாலிஷர். பாக்கிற வேலை என்ன? அதுவும் மிஸ்மேட்ச்தானே? ரெனியூவல் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. அந்த மிஸ்மேட்ச்சையும் க்ளோஸ் பண்ணிடட்டுமா?”

வளைகுடாவில் இது ஊரறிந்த சங்கதி. எந்த விசா காலியோ அதில்தான் ஆள் வருவான். ஆனால் மேனேஜர் வாயால் கேட்கும்போது அது மிரட்டல். விசா போனால் நான் மட்டும் போகமாட்டேன், குடும்பமே போகும். மகளுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி செல்வி சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “ஒரு கையெழுத்துதான? போட்டுத் தொலைங்களேன். செத்துப்போன ஜெர்மன்காரனுக்காக எம்புள்ள படிப்ப நிறுத்துவீங்களாக்கும்?” என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

எக்ஸ்பர்ட் வந்த நாள்

எக்ஸ்பர்ட் வந்த காலையில் கையெழுத்துப் போட்டேன். ‘ஆல் ஒரிஜினல்’ என்று டைப் செய்திருந்ததை அடித்துவிட்டு, ‘நம்பர் சமீபத்தில் மாற்றப்பட்டது’ என்று எழுதி, அதன் கீழே போட்டேன். வீரம் எல்லாம் இல்லை. ஆர்மரராக எனக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் கையெழுத்துதான். அதையும் ராவக் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் ஃபர்னிச்சர் பாலிஷர் மட்டும்தான்.

ரங்கராஜன் அதைப் படித்து முடிப்பதற்குள் அர்பாப் எக்ஸ்பர்ட்டோடு உள்ளே வந்துவிட்டார். நேராகத் தன் செல்லத்தை எடுத்தார். “இதுல ரெண்டு சிப்பாய்...” என்று விரலை வைத்தவர் அப்படியே நின்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இன்னொரு சிப்பாய் எங்கே?”

ரங்கராஜன் கையிலிருந்த சர்ட்டிஃபிகேட்டை வாங்கி நீட்டினேன். எக்ஸ்பர்ட் அதைப் படித்துவிட்டு லென்ஸை வைத்துப் பார்த்தார். “இவர் எழுதியிருப்பது சரி” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கண்காட்சிக்கு ஒன்றையும் எடுக்காமல் தன் பெட்டியை மூடினார்.

ரங்கராஜன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “சார், இந்த ஆள் ஆர்மரரே இல்ல. விசாவுல ஃபர்னிச்சர் பாலிஷர்.”

“தெரியும். அந்த விசாவைக் கொடுத்ததே நான்தான்,” என்றார் அர்பாப். “பாலிஷர்னு எழுதியிருக்கிறவன் பாலிஷ் போடல. நீ எதுக்குப் போட்ட?”

ரங்கராஜனை வேலையை விட்டுத் தூக்கியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பேரீச்சம்பழ ஃபேக்டரிக்கு மாற்றினார், கார் அலவன்ஸோடு. அங்கே இப்போது பழமெல்லாம் ஒரே சைஸில் வருகிறதாம். என் விசாவும் ரெனியூ ஆனது. இன்னும் ஃபர்னிச்சர் பாலிஷர்தான். மகள் பரீட்சையை நன்றாகவே எழுதினாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். நம்பர் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள், அதற்குப் பெரும்பாலும் நேர்மையான காரணம் இருக்கும். எல்லாம் அழகாக ஒத்துப்போனால் லென்ஸை எடுங்கள்.

அர்பாப் அந்த பிஸ்டலை இப்போதும் விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார். “இதுல முன்னாடி ரெண்டு சிப்பாய் இருந்தாங்க. ஒருத்தனை என் ஆபீஸ் கொன்னுடுச்சு” என்பார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.