அடுப்புக் கல்லில் ஒரு அரணை

சுனாமி வீட்டைக் கொண்டுபோன அடுத்த வருஷம், தகரக் கொட்டிலுக்குள்தான் என் மகளுக்குப் பிள்ளை கிடைத்தது. நாற்பது நாள் முடியுமட்டும் அவள் உம்மாவான என்னோடு இருக்க வேண்டும். எனக்கென்று மிஞ்சினது அவள் மட்டும்தான். ஆனால் எங்களுக்கு முன்னமே ஒரு அரணை அங்கே குடியிருந்தது.

அடுப்புச் செங்கல்லுக்குப் பின்னால் அதன் பொந்து. காலையில் கல்லில் வெயில் விழுந்தால்தான் வெளியே வரும். எண்ணெய் பூசினாற்போல மினுங்கிக்கொண்டு, வயிற்றைக் கல்லோடு ஒட்டிக் கிடக்கும். சூடு ஏறுமட்டும் சோம்பல். ஏறிவிட்டால் பிடிக்கேலாது. மழை மூட்டமென்றால் ஆளே இல்லை. கரப்பத்தான் பூச்சியைக் கண்டால் விடாது. பிள்ளை கிடைக்க முந்தி ஒருநாள் கூட்டுகிற தும்புத்தடியால் தட்டினேன். வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிற்று. துள்ளுகிற வாலைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கிறேன், அது பொந்துக்குள். பிறகு கட்டையாக வேறு வால் முளைத்தது. அதோடு நான் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் முதல் பஸ்ஸில், பாலமுனையிலிருந்து மருமகனின் உம்மா வந்தா. வாசலில் நின்றபடியே கத்தினா.

"அல்லாஹ்வே, அரணை! பச்சைப்புள்ள கிடக்கிற இடத்துல நஞ்ச வளக்கிறீங்களா மச்சி?"

"அது ஒண்டும் செய்யாது மச்சி," என்றேன். ஆட்களுக்கு முன்னால் எனக்குக் குரல் வராது. ஒருவருக்கும் கேட்கவில்லை.

"ஓட்டோவக் கூப்பிடுங்க. தாயையும் புள்ளையையும் நான் கொண்டு போறன்!"

பக்கத்துக் கொட்டில் சனமெல்லாம் கூடிவிட்டது. "கடிக்க வரும், வாறவழியில மறந்திரும்கா," என்றாள் ஒருத்தி. "மறக்காட்டி?" என்றாள் மற்றவள்.

மகள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "உம்மா, கதைங்களேன்!" என்றாள்.

கதைக்க வந்தால்தானே! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வெயில் அப்போதுதான் கல்லைத் தொட்டிருந்தது. குனிந்து அரணையை அமுக்கிப் பிடித்தேன். வால் மறுபடி கழன்று துள்ளியது. அதன் வாய்க்குள் என் விரலை வைத்தேன். உடுப்புக் கொழுவுகிற கிளிப் கவ்வினதுபோல் இருந்தது. ரத்தம்கூட இல்லை. விரலைத் தூக்கி மச்சிக்குக் காட்டிவிட்டு, அதைப் பொந்தடியில் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய கரைச்சல். ஒருவரும் போகிறதாக இல்லை.

"தலை சுத்துதா மச்சி?"

"இல்ல."

"நாக்கு இழுக்குதா?"

"இல்ல மச்சி."

"எதுக்கும் கலிமாவச் சொல்லிக்கொண்டு இருங்க."

கலிமாவையும் சொல்லிக்கொண்டு, சோறும் ஆக்கி, பெற்ற உடம்புக்கென்று மகளுக்குச் சரக்குக் கறியும் வைத்தேன். என் சாவுக்குக் காத்திருந்தவர்களும் இருந்து தின்றார்கள். பின்னேரம் அசருக்கு பாங்கு சொன்னது. நான் சாகவில்லை.

மச்சி செருப்பை மாட்டினா. "ராவு இஷாவுக்குள்ள ஏதும் நடந்தா சொல்லியனுப்பு," என்று மகளிடம் சொன்னா, என்னிடமில்லை. ஓட்டோ அவவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

மகள் பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். கழுவ ஒன்பது சோற்றுப் பீங்கான் கிடந்தது.