என் கோப்பில் மட்டும் பதினைந்து நிமிடம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. சத்துவாச்சாரியில் பால் பாக்கெட் வாங்கினால்கூடத் தேதியைப் பார்த்த பிறகுதான் பையில் போடுவேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலைக் கையேடுகள் எழுதுகிறேன். அதற்கு இந்தக் குணம் பொருத்தம் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் கையேடுகள் எல்லாம் எக்ஸ்எம்எல் என்கிற வகைக் கணினிக் கோப்புகள். ஒரு சொல்லுக்கு என்ன விளக்கம் என்பதைக் குளாசரி என்கிற ஒரே கோப்பில் ஒரே முறைதான் எழுதுவோம். கையேடுகளில் அந்தச் சொல்லின் அடையாளக் குறியை மட்டும் வைத்தால் போதும், அச்சுக்குப் போகும்போது விளக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். குளாசரியில் ஒரு வரியைத் திருத்தினால் எல்லாக் கையேடும் திருந்திவிடும். வசதிதான், ஆனால் எனக்குப் பயமும் அதுதான். யாரோ ஒரு வரியைக் கெடுத்தால் எல்லாமே கெட்டுப்போகுமே.

பயத்துக்கு ஏற்ற ஆளும் வந்து சேர்ந்தார். ஆலங்காயத்துக்காரர், பாதுகாப்புப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த வாரமே குளாசரியில் கை வைத்தார். என் நாற்காலிக்குத்தான் அடி போடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் திருத்தும் ஒவ்வொரு வரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன்.

'காற்றோட்ட நேரம்' என்று ஒரு சொல். தோல் பதப்படுத்தும் பெரிய டிரம்மைக் காலி செய்தபின், கழுவ ஆள் இறங்குமுன் எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும் என்பது அது. உள்ளே விஷவாயு தங்கும். குளாசரியில் பதினைந்து நிமிடம் என்று இருந்தது. டிரம் கழுவும் கையேடு என்னுடையது. அவர் கை அதில் படக் கூடாது என்று, குறியை எடுத்துவிட்டு விளக்கத்தையே நேராக ஒட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நினைத்தபடியே அந்த வரியை அவர் மாற்றினார். 'வாயு மீட்டர் பூஜ்யம் காட்டும் வரை' என்று போட்டுவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"குறி வச்ச மேனுவல் எல்லாம் மாறிடும் மேடம். யாராவது தனியா டைப் பண்ணி வச்சிருந்தா அது மட்டும் மாறாது. உங்ககிட்ட எதுனா அப்படி இருக்கா?"

என் மேல் புகார் கொடுக்க ஆதாரம் தேடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அப்படி எதுவும் இல்ல சார்," என்றேன்.

அவர் மாற்றியது சரியா என்று விசாரித்துவிட்டு என் கையேட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குள் என் கையேட்டிலிருந்து அச்சடித்த புதுத் தாள்கள், பழைய பதினைந்து நிமிடத்தோடேயே, லேமினேட் ஆகி வந்து டிரம்களுக்குப் பக்கத்தில் தொங்கின.

மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு தொழிலாளி, தாளைப் படித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழித்து இறங்கினார். மயங்கி விழுந்தார். இடுப்பில் கட்டிய கயிற்றை வெளியே ஒருவர் பிடித்திருந்தார். அவர் இழுத்துப் போட்டதால் உயிர் தப்பியது.

ஆலங்காயத்துக்காரர் அந்தத் தாளைக் கழற்றி வந்து என் மேசையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "முதல்ல குறிய வைங்க மேடம், வேற தாள் அடிக்கணும்," என்றார். குறியை வைத்துவிட்டு, மேலாளரிடம் போய் நானே ஒப்புக்கொண்டேன். அவமானமாகத்தான் இருந்தது.

அந்தத் தொழிலாளி வேலைக்குத் திரும்பிய அன்று டிரம் பகுதிக்குப் போய், அந்தத் தாள் என் தப்பு என்று சொன்னேன்.

"மீட்டர் பாத்துட்டு எறங்குன்னு கூட இருந்தவங்க சொன்னாங்க மேடம். நாந்தான் கேக்கல. ஆபீஸ்ல அந்த மேடம் ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாக்காம எதையும் எழுத மாட்டாங்க, அவங்க பேப்பர நம்பலாம்னு சொல்லிட்டு எறங்கினேன்."