பின் சில்லுக்குப் போட்ட சங்கிலி

அண்ணை செத்து அஞ்சு மாசம். அவர் வாங்கின பழைய கம்பிங் கார் பரிசுக்குப் பக்கத்திலை பொண்டியிலை எங்கடை வீட்டுக்கு முன்னாலை நிண்டது. உள்ளுக்கை கட்டில், அடுப்பு, தண்ணித்தொட்டி எல்லாம் இருக்கிற பெரிய வான். அண்ணை லா சப்பலிலை ஒரு சாப்பாட்டுக்கடையிலை கொத்துரொட்டி அடிச்சவர். கிழமையிலை ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளும் வானுக்கு அடியிலை படுத்துக் கிடப்பார். "பங்குனிக்கு மலைக்குக் கொண்டுபோறன், பனிக்குள்ளை விடுறன், பார்" எண்டு மூண்டு வருசமாச் சொன்னவர். பிறகு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரேல்லை.

வானின்ரை கொன்ரோல் தெக்னிக் இந்தப் பங்குனியோடை முடியுது. வான் ஓடத் தகுதி எண்டு சோதிச்சுத் தாற அந்தப் பேப்பர் இல்லாமல் ரோட்டிலை ஏறேலாது. அடுத்தமுறை கட்டாயம் தரமாட்டாங்கள் எண்டு கராஜ்காரர் சொல்லிப்போட்டார். அப்ப இந்த மாசம் போகாட்டி அந்த வான் ஒருநாளும் மலையைப் பாக்காது. எனக்கு மண்டைக்குள்ளை அது ஒண்டுதான் ஓடினது.

அம்மா விடேல்லை. "ஆட்டைத்திவசம் முடியமுதல் பனி பாக்கப் போறியோ? சனம் என்ன சொல்லும்?"

எங்கடை சனம் செத்தவீடு நடந்து வருசம் திரும்பாமல் ஒரு கலியாணவீட்டுக்கும் போகாது. எனக்கும் தெரியும். நான் வேலை செய்யிற மரக்கறிக்கடையிலை ஒரு அன்ரி முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டு நிக்கேக்கை, "லீவெடுத்து எங்கை பிள்ளை?" எண்டு கேட்டவா. "மலைக்கு" எண்டன். அவா மிச்சக் காசை வாங்காமலே என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவா.

"நான் உல்லாசம் போகேல்லை, அம்மா. அண்ணையின்ரை வேலை ஒண்டு மிச்சம் கிடக்கு" எண்டன். அம்மா அறைக்கதவைச் சாத்திப்போட்டா. கடைசியிலை சித்தப்பா தானும் வாறன் எண்டு சொன்னபடியாத்தான் வான் திறப்பைத் தந்தவா.

விடியவெள்ளனவே சித்தப்பா நாலு சில்லுக்கும் கீழை நாலு தேசிக்காய் வைச்சார். நசிச்சுக்கொண்டு வெளிக்கிட்டம். ஓட்டம் முழுக்க நான். சித்தப்பாவுக்கு இஞ்ச வண்டி ஓட பெர்மி இல்லை, ஆனா வாய் ஓயாது. "கிளட்சிலை காலை வைச்சுக்கொண்டு ஓடாதை. நான் கிளிநொச்சிச் சேத்துக்குள்ளை லொறி ஓடினவன், எனக்குத் தெரியும்."

"இது லொறி இல்லை சித்தப்பா."

"சில்லு உருண்டாச் சரி, எல்லாம் லொறிதான்."

கிரனோபிள் பட்டினம் தாண்டி ஏற வெளிக்கிட பனி கொட்டத் தொடங்கீற்றுது. பிறகு ரோட்டோரப் பலகையிலை நீல வட்டத்துக்குள்ளை சங்கிலி போட்ட சில்லுப் படம். இனிச் சங்கிலி போடாமல் போகக்கூடாது எண்டு அர்த்தம். அண்ணை வாங்கின சங்கிலி பெட்டியிலை பிரிக்காமல் கிடந்தது. கடதாசியிலை எழுதியிருந்ததை நான் வாசிக்கப் பாத்தன். எனக்குப் பிரெஞ்சு வாசிக்கிறது கஷ்டம், பதினாறிலை பள்ளிக்கூடம் விட்டனான். சித்தப்பா பறிச்சுப்போட்டார். "என்னத்துக்கு வாசிக்கிறாய்? பின் சில்லுக்குப் போடு. வண்டியைத் தள்ளுறது பின் சில்லு."

போட்டம். அரை மணித்தியாலம். ஏறி கியரைப் போட்டன். ஒரு அடி போச்சுது, பிறகு வழுக்கி ரோட்டோரப் பனிமேட்டிலை போய் முட்டிச்சுது. சித்தப்பா இறங்கிப் பின்னாலை தள்ளினார், கால் வழுக்கி இருந்துபோட்டார்.

"திரும்பிப் போவம் பிள்ளை. கொண்ணை பாத்திட்டார் எண்டு நினைச்சுக்கொள்ளு."

அந்தக் கதை எனக்குப் பிடிக்கேல்லை. அண்ணை பாக்கேல்லை. பாக்காமத்தான் செத்தவர்.

சித்தப்பாவை ஓடுற சீற்றிலை ஏத்தி, மெதுவா கியரைப் போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு நான் கீழை நிண்டு பாத்தன். முன் சில்லு ரெண்டும் சுத்துது, பனி பறக்குது. சங்கிலி போட்ட பின் சில்லு சும்மா நிக்குது.

"சித்தப்பா, இழுக்கிறது முன் சில்லு."

"விசர்க்கதை கதையாதை."

"இறங்கி வந்து பாருங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை, நீங்களே பாருங்கோ."

இறங்கி வந்து குனிஞ்சு, கன நேரம் பாத்தார். பிறகு தலையைச் சொறிஞ்சார். "ஊரிலை பின் சில்லுதான்" எண்டார். அதுக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் அவர் லொறிக்கதை கதைக்கேல்லை.

கழட்டித் திருப்பிப் போட்டம். நான் சில்லுக்கடியிலை பனிக்குள்ளை படுத்தன். கொக்கி விரலிலை பிடிபடேல்லை, கை மரத்துப்போச்சு. அண்ணை வானுக்கடியிலை படுக்கேக்கை கால் ரெண்டும் வெளியிலை தெரியும். அது ஞாபகம் வந்து நான் அங்கையே அழுதன். அழுதுகொண்டு கொக்கியைக் கொழுவினன். சித்தப்பா என்ரை காலைப் பாத்துக்கொண்டு நிண்டவர் எண்டு பிறகு சொன்னார்.

பிறகு ஏறிச்சுது. நடக்கிற வேகத்திலைதான், ஆனா ஏறிச்சுது. பனிக்கு ரோட்டை மறிச்சுத் தடை போட்டிருந்த இடம் வரைக்கும் போனம். அங்காலை ஆரும் போகேலாது. பின்னேரமாச்சு, பனி நிண்டு வெயில் வந்திட்டுது, எல்லாம் வெள்ளை. என்ஜினை நிப்பாட்டினன்.

அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தன். ஏச்சு விழும் எண்டுதான் நினைச்சன். முதல் வானையும் மலையையும் காட்டினன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டா.

"ஆடாமல் பிடி" எண்டா பிறகு. "வானைச் சுத்திக் காட்டு. முழுக்கக் காட்டு."

முழங்கால் அளவு பனிக்குள்ளை இறங்கி வானைச் சுத்தி நடந்தன்.