‘விடுங்க’ என்று யாரும் கத்தவில்லை

எங்கள் தோட்டத்துக் கால்பந்து அணிக்கு நான் பன்னிரண்டு வருடம் கோல் காத்தேன். மற்ற நாட்களில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மைதானம். தொண்ணூறுகளின் கடைசியில் அணிக்கு மனேஜராக இருந்தவர் தோட்ட ஆபீசின் சின்னக் கிளாக்கர். என்னைவிட எட்டு வயது இளையவர். ஆபீசில் நான் அவரை ஐயா என்பேன். மைதானத்தில் தம்பி என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்.

தோற்றால் அவரிடம் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். ஆபீசுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரில் வெளிநாட்டுப் பெரிய கிளப்புகளின் மனேஜர்கள் சொல்லும் சாக்குகளைப் படித்துவிட்டு, எங்களுக்குத் தமிழில் சொல்லிச் சிரிப்பார். அடுத்த வாரம் நாங்கள் தோற்றதும் அதையே கொஞ்சம் மாற்றி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கிளப் கமிட்டியிடம் சொல்வார். மைதானம் ஸ்டோர்ப் பக்கம் சரிகிறது, பந்தில் காற்று அதிகம், ரெஃப்ரி ஐயா எதிரணி வீட்டில் பகல் சாப்பாடு சாப்பிட்டார். ஆனால் எங்களில் ஒருவனைக்கூட அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எங்களுக்கு ஜென்ம விரோதி, கொடகவெல பக்கத்து ரப்பர் தோட்டத்து அணி. வேறு யாரிடம் தோற்றாலும் திங்கட்கிழமை மறந்துவிடுவோம். அவர்களிடம் தோற்றால் அடுத்த வருடம் வரை தலைகுனிவுதான். எனக்கு அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. என் மனைவி அந்தத் தோட்டத்துப் பெண். அவளுடைய தம்பிகள் இரண்டு பேர் அந்த அணியில் ஆடினார்கள்.

ஒரு வருடம் கிண்ணத்துக்கான கடைசி ஆட்டம் அவர்களோடு, எங்கள் மைதானத்தில் நடந்தது. ஒன்றுக்கு ஒன்று. முடிய இன்னும் சில நிமிடங்கள். என் இளைய மச்சினன் தூரத்திலிருந்து உதைத்த பந்து மெதுவாக உருண்டு வந்தது. வெளியேதான் போகும் என்று இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மண்மேட்டில் பட்டுத் திரும்பி, கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. குனிந்திருந்தால் ஒரு கையால் பிடித்திருக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்களே என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மாமியார் வீட்டுக்கு ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மற்றவர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் என் ஜேர்சியைப் பிடித்தார். என் மனைவி கூட்டத்தின் ஓரத்தில் கைக்குழந்தையோடு நின்றாள்.

கிளாக்கர் நடுவில் வந்து நின்றார்.

“அவர ஒன்னும் கேக்காதீங்க. வெளிய போவுது, விடுங்கன்னு நான்தான் கத்துனேன். அவரு மனேஜர் சொன்னத கேட்டாரு. தப்பு என்னோடது.”

அவர் கத்தவே இல்லை. மைதானத்தின் மறுபக்கத்தில் நின்றிருந்தார். ஆனால் அவர் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டதை எல்லாரும் அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தார்கள், அதனாலேயே நம்பிவிட்டார்கள். கோபம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. நான் வாயே திறக்கவில்லை. அந்த வாரமே கமிட்டி அவரை மனேஜர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டது.

அதற்கப்புறம் அவருடைய குவாட்டர்ஸுக்குப் போய், கமிட்டியில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

“டீமுக்கு வேற மனேஜர் கெடைப்பாங்க அண்ணே. எனக்கும் நாளைக்கே வேற தோட்டத்துக்கு மாற்றம் வரலாம். நீங்களும் அக்காவும் இந்த ஆளுங்களோட அந்த லயத்து வீட்டுலதான இருக்கணும்?”

பல மாதம் சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த வருடம் கிளப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். சிலர் முணுமுணுத்தார்கள். ஜேர்சியைப் பிடித்தவர் கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை. ஆனால் விற்றுவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குள் கோபம் ஆறிப்போயிருந்தது. கிளப் தலைவர் கிளாக்கரைத் திரும்பவும் மனேஜராக்கினார். அதற்குப் பின் அவர் இருந்த இரண்டு வருடத்தில் ரப்பர் தோட்டத்தை ஒரு தடவை வென்றோம்.

பிறகு அரநாயக்க பக்கத்துத் தோட்டமொன்றுக்கு அவருக்கு மாற்றம் வந்தது. அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை போனேன். கூட வந்த என் மனைவிதான் நன்றி சொன்னாள்.

“ஆட்டம் முடிஞ்ச அந்தக் கெழம முழுக்க கொழுந்து பறிக்கிற மலையில என்னைய யாரும் ஒரு வார்த்த கேக்கல தம்பி. என் கூடப்பொறந்தவனுங்க இன்னமும் எங்க வீட்டுக்கு வந்து போறாங்க. எல்லாம் ஒங்களாலதான்.”

அவர் சங்கடப்பட்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். “நல்லா இருங்க அக்கா” என்று மட்டும் சொன்னார்.